மூடி திறந்திருந்த வெள்ளிக்கிழமைகள்

வில்லியனூர், மாணவியர் விடுதி
26.1.2025

அன்புள்ள மஞ்சுளா அக்காவுக்கு,

நீ கட்டிக் கொடுத்த முறுக்கு மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. அதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? களத்தில் நெல் காயப்போட அம்மா இப்போதும் போகிறதா?

இந்த விடுதியில் காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டினால்தான் போனைத் தொட விடுவார்கள். எனக்கோ காய்ச்சலே வருவதில்லை. அதனால் இனிமேல் உனக்குக் கடிதம்தான். நல்ல வேளையாக, நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் ரைஸ் மில்லில் கம்ப்ரசர் ஓட்டுகிற பாக்யராஜ் மாமாவின் பெண் ஸ்டெல்லாதான் என் பக்கத்துக் கட்டில். அவர் இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளில் அவளைப் பார்க்க வருகிறார். அவர் வீடு நம் தெருவுக்கு அடுத்த தெருதானே, கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இப்போதும் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் இதற்காகத்தான் காத்திருக்கிறார். "இன்னாடி, லெட்டரா கட்டுரையா? எங்கப்பாவுக்குப் பசிக்குது" என்று ஸ்டெல்லா என் தலைக்கு மேல் நின்று கத்துகிறாள்.

அக்கா, பொங்கலுக்கு வந்தபோது நீ தூங்கித் தூங்கி விழுந்தாய், எதையும் சரியாகச் சொல்லவில்லை. அந்த மில்லில் மிஷின் ரூமில் வேலை பார்க்கும் முதல் பெண் நீதான் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். உண்மையா? கம்ப்ரசர் எப்படிக் காற்றைப் பிடித்து அடைக்கிறது? ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் அழுத்தம் பற்றி இரண்டு பக்கம்தான் இருக்கிறது, எனக்குப் போதவில்லை. நூலகத்தில் காற்று இயந்திரங்கள் பற்றி ஒரு தடித்த புத்தகம் கண்டுபிடித்திருக்கிறேன். அட்டை கிழிந்திருப்பதால் அதை யாரும் எடுப்பதில்லை. எனக்காகவே காத்திருந்தது போல இருக்கிறது.

விவரமாக எழுது. ஒரு பக்கத்தில் முடித்துவிடாதே.

உன் தங்கை,
அர்ச்சனா

கரையாம்புத்தூர்
7.2.2025, வெள்ளி

அன்புத் தங்கை அர்ச்சனாவுக்கு,

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் தைல வாசனை, காகிதத்திலும் ஒட்டியிருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். முதுகு மட்டும் பிடித்துக்கொள்கிறது.

ஆமாம், முதல் பெண் நான்தான். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்ததே மொதலாளியம்மா கனகாம்பாளால்தான். அவங்க களத்தில் அம்மா பதினைந்து வருடம் நெல் காயவைத்திருக்கிறதே, அதற்காக. மார்ச் முடியும்வரை பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக மொதலாளி அரங்கநாதன் சொல்லியிருக்கிறார். அதுவரை மூச்சைக் கூட அளந்துதான் விட வேண்டும்.

கம்ப்ரசரின் மூச்சைக் கேட்டாய். பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்வாங்கும் வால்வு திறந்து வெளிக்காற்று சிலிண்டருக்குள் வரும். பிஸ்டன் ஏறும்போது அது மூடிக்கொள்ளும், வெளித்தள்ளும் வால்வு திறக்கும். எங்கள் மிஷினில் இரண்டு சிலிண்டர். பெரியது முதலில் அமுக்கிச் சின்னதுக்குக் கொடுக்கும், சின்னது இன்னும் அமுக்கி டேங்கில் போடும். வால்வு என்றால் பெரிதாக நினைக்காதே. உள்ளங்கை அகலத்தில் வளையம் போல ஒரு மெல்லிய இரும்புத் தகடு, அவ்வளவுதான். நிமிடத்துக்கு எண்ணூறு தடவை திறந்து மூடுகிறது. அது ஒரு மயிரிழை சரியாக உட்காராவிட்டாலும் பிடித்த காற்று வந்த வழியே போய்விடும்.

அந்தக் காற்று கலர் சார்ட்டருக்குப் போகிறது. அரிசி அருவி மாதிரி கொட்டும்போது கருப்பு அரிசியைக் கேமரா பார்த்துவிடும். உடனே ஒரு பொட்டுக் காற்று அதை மட்டும் ஊதித் தள்ளும். காற்று சோர்ந்தால் கருப்பும் வெள்ளையும் ஒன்றாக மூட்டைக்குள் போகும்.

சிரிக்க ஒன்று. நான் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, காற்று நுழைகிற இடத்தில் ஃபில்டர் மூடியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மொதலாளியம்மா சாம்பிராணித் தட்டோடு வந்தார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா, புகை முழுவதும் வளைந்து நெளிந்து அப்படியே உள்ளே போய்விட்டது! "பாருடி, மிஷினே சாமி புகைய இழுக்குது" என்று அவங்களுக்கு ஒரே பூரிப்பு. என் ராசி நல்ல ராசியாம்.

நன்றாகப் படி. தலைக்கு எண்ணெய் வை.

அக்கா,
மஞ்சுளா

வில்லியனூர்
9.2.2025

அக்கா,

உன் கடிதம் வந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. மூன்று தடவை படித்துவிட்டேன். நான் நலம், நீ முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அம்மாவைக் கேட்டதாகச் சொல். மாமா இப்போதே கிளம்புகிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

நீ சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய உறையைப் பிரிக்க ஸ்டெல்லாவின் காம்பஸ் தேவைப்பட்டது. மாமா அதை பிளாஸ்டிக் மழைத்தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "பிரிச்சுப் பாக்கலியாப்பா?" என்று ஸ்டெல்லா சீண்டினாள். "அடுத்தவங்க லெட்டர படிக்கிறவன் கை வெளங்குமாடி?" என்றார்.

நூலகப் புத்தகத்தில் உள்வாங்கும் காற்று பற்றி ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. காற்று குளிர்ந்ததாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டுமாம். தூசி, ஈரம், ஆவி எதுவும் கூடாதாம். தவிடு பறக்கும் மில்லில் என்ன செய்கிறீர்கள்? இன்னொன்று. புகையும் மிக நுண்ணிய தூசிதானே? அந்தச் சாம்பிராணி உள்ளே போய் என்ன ஆகியிருக்கும்? ஒரு தடவைதான், ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மாமா ஹாரன் அடிக்கிறார்.

அர்ச்சனா

கரையாம்புத்தூர்
22.2.2025

அன்பு அர்ச்சனா,

உனக்கு மாதத் தேர்வு முடிந்ததா? அம்மா நலம். நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பத்து நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை.

மிஷின் படுத்துகிறது. எட்டு நிமிடத்தில் நிரம்புகிற டேங்க் இப்போது பதினைந்து நிமிடம் எடுக்கிறது. பிரஷர் மீட்டர் முள் ஐந்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. பெரிய சிலிண்டர் தலைமேல் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது. போன வாரம் கடலூருக்குப் போன லோடு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. வெள்ளை அரிசியில் கருப்பு தூவின மாதிரி இருந்ததாம்.

பாக்யராஜ் அண்ணன் சிலிண்டரின் தலையை, அதாவது ஹெட்டைக் கழற்றினார். வால்வுத் தகடு பழுப்பாக, பலாப்பிசின் தடவின மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய், "இன்னாடா இது, மிஷினைத் தொறந்தா கோயிலாட்டம் வாசன வருது! கையெடுத்துக் கும்பிடட்டுமா, கழுவட்டுமா?" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டதும் சரியாயிற்று. ஒன்பதே நாள். மறுபடி அதே கதை.

ஆயில்தான் காரணம் என்கிறார் மொதலாளி. ஜனவரியில் அண்ணன் வேறு கடையில் ஒரு டின் வாங்கினார், அதைச் சொல்கிறார்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாம்பிராணித் தட்டை நீட்டியதும் மிஷின் புகையை இழுக்காமல் மொதலாளியம்மா முகத்திலேயே திருப்பி ஊதிவிட்டது. புஸ், புஸ் என்று. அவங்களுக்கு இருமல் நிற்கவில்லை. "சாமி ஏத்துக்கல. யாரோ கை சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

மற்றவை பிறகு. கண்ணுக்கு வெளிச்சம் வைத்துப் படி.

மஞ்சுளா

வில்லியனூர்
23.2.2025

அக்கா! அக்கா!

உன் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும், தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும், இரண்டையும் கடைசியில் செய்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன்!

மிஷின் புகையைத் திருப்பி ஊதியது என்று எழுதினாய் அல்லவா? அது சாமி கோபம் இல்லை. புத்தகத்தில் நூற்றெட்டாவது பக்கத்தில் அப்படியே இருக்கிறது. காற்று நுழையும் வாயில் ஒரு தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். தாள் உள்பக்கமே இழுபட்டு நின்றால் நல்லது. உள்ளே வெளியே என்று படபடத்தால் உள்வாங்கும் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பிஸ்டன் ஏறும்போது, பிடித்த காற்று வந்த வழியே வெளியே பாய்கிறது. மொதலாளியம்மாவின் புகைதான் அன்றைக்குத் தாள்!

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. ஃபில்டர் மூடி போட்டிருந்தால் முகத்தில் ஊதுகிற அளவுக்குப் புகை திரும்பி வராதே. முதல் வெள்ளிக்கிழமை நீ தூசி தட்டிக்கொண்டிருந்தாய், அதனால் திறந்திருந்தது. இந்த வெள்ளிக்கிழமை ஏன் திறந்திருந்தது? நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளிலும் திறந்திருந்ததா? சாம்பிராணி என்பது மரத்துப் பிசின்தானே அக்கா. தகட்டில் பிசின், ஹெட்டில் கோயில் வாசனை.

உடனே பதில் போடு. நீ இதை மொதலாளியிடம் சொன்னால் உன்னை அன்றைக்கே நிரந்தரம் செய்துவிடுவார். தேர்வில் அறிவியல் ஐம்பதுக்கு நாற்பத்தேழு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அர்ச்சனா

வில்லியனூர்
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா? பதினேழு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. இதைத் தபாலில் அனுப்புகிறேன். ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது ஞாயிறு மாமா வரவில்லை. ஸ்டெல்லா காலையிலேயே தலை பின்னிக்கொண்டு கேட்டருகே நின்றாள், மத்தியானம்வரை நின்றாள். மாலையில் அவள் அம்மாதான் வந்தார்கள். மாமாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். தப்பான ஆயில் ஊற்றி மிஷினைக் கெடுத்துவிட்டார் என்று. ஏப்ரல் கடைசியில் ஸ்டெல்லாவுக்கு டிசி வாங்கிக் கடலூரில் அவள் சித்தி வூட்டில் விடப்போகிறார்களாம். அங்கே பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டேன். "கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணுமாம். பள்ளிக்கூடத்தப் பத்தி யாரும் சொல்லல" என்றாள்.

அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்கக்காவும் ஆயில்தான்னு சொன்னாங்களாமே. படிச்சவங்க சொன்னா மொதலாளி கேப்பாருல்ல."

நான் இல்லை என்று சண்டை போட்டேன். எங்க அக்கா அப்படிச் சொல்லவே மாட்டாள் என்றேன். ஸ்டெல்லா சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாதாரணமாக அவள் பல்பொடிக்குக் கூடச் சண்டை போடுவாள்.

அக்கா, ஒன்று யோசித்தேன். இரண்டு சிலிண்டருக்கும் அடியில் ஒரே தொட்டி ஆயில்தானே? சின்ன சிலிண்டர்தான் அதிகம் சுடும் என்று புத்தகம் சொல்கிறது. ஆயில் தப்பென்றால் சின்னதின் வால்வுதான் முதலில் கெட்டிருக்க வேண்டும். நீ பெரியதைப் பற்றி மட்டும்தான் எழுதினாய். சின்னதைத் திறந்து பார்த்தீர்களா? அது சுத்தமாக இருந்தால் குற்றம் ஆயிலில் இல்லை, வெளியிலிருந்து வந்த காற்றில்.

தயவுசெய்து எழுது.

அர்ச்சனா

கரையாம்புத்தூர்
17.3.2025

அன்பு அர்ச்சனா,

நாங்கள் நலம். கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

வெயில் ஏறிவிட்டது, மோர் கொடுத்தால் குடி. ஆண்டுத் தேர்வு நடக்கும் நேரத்தில் நூலகப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு உட்காராதே. புத்தகத்தில் இருப்பது வேறு, மில்லில் நடப்பது வேறு. பெரியவர்கள் விஷயத்தில் நீ தலையிடாமல் இருப்பதே நல்லது.

மிஷினுக்குப் புதுத் தகடு போட்டிருக்கிறது. இப்போதைக்கு ஓடுகிறது. இந்த மாதக் கடைசியில் எனக்கு நிரந்தரம் ஆகிவிடும் போலிருக்கிறது. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது.

கணக்குத் தேர்வை நன்றாக எழுது.

மஞ்சுளா

வில்லியனூர்
22.3.2025

அக்கா,

நலம் கேட்டு எழுதத் தெரியவில்லை இன்றைக்கு. மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் மோர் இருக்கிறது, மாரியம்மன் இருக்கிறது, பாக்யராஜ் மாமாவின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. நான் கேட்டது இரண்டே கேள்வி. மூடி எல்லா வெள்ளிக்கிழமையும் திறந்திருந்ததா? சின்ன சிலிண்டர் சுத்தமாக இருந்ததா? இரண்டுக்கும் பதில் இல்லை.

அதனால் நானே ஒரு சோதனை செய்தேன். விடுதியிலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள். வார்டன் ஜெயா மிஸ்ஸிடம் அறிவியல் செயல்பாடு என்று சொன்னேன், பொய் இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதன் அடிப்பக்கம் புகையில் படும்படி பத்து நிமிடம் பிடித்தேன். பழுப்பாகப் படிந்தது. தண்ணீரில் கழுவினால் போகவில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மண்ணெண்ணெயில்தான் போயிற்று, உங்கள் தகடு போலவே.

கழுவுவதற்கு முன்னால் கொஞ்சம் சுரண்டி, இரண்டு துண்டுக் காகிதத்துக்கு நடுவில் வைத்துச் சூடு காட்டி அமுக்கினேன். இதனுடன் வைத்திருக்கிறேன். கிழிக்காமல் பிரிக்க முடிகிறதா பார். இது ஒரே ஒரு வெள்ளிக்கிழமையின் பத்து நிமிடம். நீ சேர்ந்ததிலிருந்து எத்தனை வெள்ளிக்கிழமை என்று காலண்டரில் எண்ணினேன். மாமாவை நிறுத்தும்வரை பதினொன்று.

ஸ்டெல்லாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ராத்திரி அவள் புரண்டு படுத்தால் நானும் புரண்டு படுக்கிறேன். அவள் தன் டிரங்குப் பெட்டியை இப்போதே அடுக்கத் தொடங்கிவிட்டாள். என் வடிவியல் பெட்டியில் இருந்த அவளுடைய காம்பஸை எடுக்கவில்லை. "நீயே வெச்சுக்க, அங்க எனக்கு எதுக்கு" என்கிறாள்.

நீ அப்படிச் சொல்லவில்லை என்று எழுது. நம்பிவிடுகிறேன். சொன்னாய் என்றாலும் எழுது.

அர்ச்சனா

கரையாம்புத்தூர்
10.4.2025
பாக்யராஜ் அண்ணன் வசம்

அன்பு அர்ச்சனா,

இந்தத் தடவை உறையை ஒட்டவில்லை. பருக்கை இல்லாமல் இல்லை. கொண்டுவருகிறவர் படிக்கட்டும் என்றுதான். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

உன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். கிழிந்துதான் போயிற்று.

எல்லா வெள்ளிக்கிழமையும் திறந்துதான் இருந்தது. முதல் தடவை தற்செயல். அடுத்த வாரம் மொதலாளியம்மா தட்டோடு வந்து, "மூடியத் தெறடி, அது மூச்சு இழுக்கட்டும்" என்றார்கள். ஓடுகிற மிஷினில் மூடியைத் திறக்கக் கூடாது என்று எனக்கு டிப்ளமோ முதல் வருடமே சொல்லிக் கொடுத்தது. ஆனால் வேலை கொடுத்தவர்களிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? திறந்தேன். வாரா வாரம் திறந்தேன். ஹெட்டைக் கழற்றியபோது அந்த வாசனை வந்ததே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது அர்ச்சனா. நீ புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

மொதலாளி எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டார். "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ சொல்லு. ஆயில் தப்பா ஊத்துனா இப்படி ஆவுமா, ஆவாதா?" நான் "ஆவலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். பொய் கூட இல்லை, ஆயில் தப்பானாலும் வால்வு கெடும்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் என்னை நானே தூங்க வைக்கப் பார்த்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைத் துடைத்த கந்தலை மடித்து, அது இருக்கிற இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை. தட்டு வந்தது.

"மூடியத் தெறடி, நேரமாவுது."

"வேணாம்மா. புகை உள்ள போவக் கூடாது."

"இத்தினி நாளு நீதானே தெறந்த?"

"நான்தாம்மா. அதான் தப்பு."

மிஷினை நிறுத்தினேன். நானே ஸ்பானர் எடுத்து இரண்டு ஹெட்டையும் கழற்றினேன். ஒரு நட்டு விழுந்து உருண்டு ஓடியது, யாரும் எடுத்துத் தரவில்லை. பெரிய சிலிண்டர் தகடு மூன்றே வாரத்தில் மறுபடி பழுப்பு. சின்னதின் தகடு முகம் பார்க்கலாம் போல இருந்தது. இரண்டையும், கிழிந்த உன் காகிதத்தையும் மொதலாளி மேஜையில் வைத்தேன். "ஒரே ஆயில்தான் சார் ரெண்டுக்கும். அண்ணன் மேல தப்பு இல்ல. புகைதான். திறந்து வெச்சது நான்" என்றேன்.

அவர் சின்னத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்றார்.

மறுநாளே ஆள் அனுப்பி அண்ணனை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமை என்னைக் கணக்கரிடம் போகச் சொன்னார்கள். நிரந்தரமும் இல்லை, வேலையும் இல்லை. மொதலாளியம்மா கண்ணில் நான் படக் கூடாதாம். களத்துக்கு அம்மா வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா போகவில்லை. நான்கு நாள் என்னோடு பேசவும் இல்லை. ஐந்தாம் நாள் தைல பாட்டிலை என் முன்னால் வைத்துக் காலை நீட்டியது. தேய்த்துவிட்டேன்.

நீ நம்பத் தயாராக இருந்த பொய்யை நான் எழுதவில்லை. அதற்காகவாவது கோபப்படாமல் இரு. ஸ்டெல்லாவிடம் இதைக் காட்டு.

மஞ்சுளா

வில்லியனூர்
13.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஸ்டெல்லா நலம். மாமாவும் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறார்.

உன் கடிதம் ஒட்டாமல் வரவில்லை. நன்றாக ஒட்டித்தான் வந்தது. உறையின் வாயில் கறுப்பாகப் பசை, ஹெட்டுக்குக் கீழே காற்றுக் கசியாமல் பூசுவார்களே, அந்தப் பசை. "உங்கக்கா ஒட்ட மறந்துட்டா. தொறந்து கெடந்தத எடுத்தும் பாக்கல, நான் ஒட்டிட்டேன். இனிமே காத்து கூடப் போவாது" என்றார் மாமா. காம்பஸால் முடியவில்லை, பிளேடு வாங்கி வந்தேன்.

படித்து முடித்ததும் அவரிடமே நீட்டினேன். "இது உங்களுக்குத்தான் மாமா, அக்கா வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை" என்றேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். சட்டைப் பையில் கண்ணாடியின் ஒரு கால் தெரிந்தது. புளியமரத்தடியில் நின்று, ஸ்டெல்லாவும் கேட்க, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினேன். "ஆவலாம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். ஸ்டெல்லாதான் தாளை வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

மாமா வண்டிச் சாவியால் மரப்பட்டையைக் கீறிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "மூடி தெறந்திருந்தத நானுந்தான் பாத்தேன், பாப்பா. பதினோரு வாரம் பக்கத்துலதான் நின்னேன். வாசன மூக்குல ஏறுன அன்னிக்கே வெளங்கிடுச்சு. மொதலாளியம்மா தட்டப் பத்திப் பேசுனா வேல போயிடும்னு வாய மூடிக்கினேன். அப்பவும் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "நீயுமாப்பா?" என்று கேட்டாள். அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். மாமா முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் தண்ணீர் செம்பு. அவர் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "டிசி வாங்க வேணாம். மிஸ்ஸுகிட்ட நீயே போய்ச் சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அவர் போய்ச் சொன்னார். இப்போது டிரங்குப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் காம்பஸைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

அக்கா, எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. போன மாதம் இருந்ததைவிடக் குறைவு, அம்மா பேசாமல் இருந்த அளவுக்குக் கூட இல்லை. என்மேலும் எனக்குக் கோபம். நீ சொன்னால் உடனே நிரந்தரம் ஆகிவிடும் என்று எழுதினேனே, எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்! வால்வைப் பற்றித்தான் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதைத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

மாமா கேட்கச் சொன்னார். அரியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கம்ப்ரசர் ரிப்பேருக்கு ஆள் தேடுகிறார்களாம். தெரிந்த இடமாம். உன் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்கிறார். "இன்னான்னு சொல்லுவீங்க மாமா?" என்று கேட்டேன். "மிஷினு தெரிஞ்ச பொண்ணும்பேன். மூடியத் தெறன்னு சொன்னா ஏன்னு கேக்கும், அதுக்குத் தயாரா இருந்தா வெச்சுக்கோம்பேன்" என்றார்.

ஆமாம் என்றால் அவரிடம் நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் அக்கா, எழுதி அனுப்பக் கூடாது. அடுத்த தெருதான். முதுகுக்கு ஒத்தடம் கொடு. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் மாமா கையில் கொடுக்கிறேன். அதோ, பசைக் குழாயைத் தேடிச் சட்டைப் பையில் கை விடுகிறார்.

உன் தங்கை,
அர்ச்சனா